மூடுபனிக்குப் பின்னால் ஒரு லயம் இருக்கிறது

ஊவாவை வரைபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே படத்தைத்தான் வரைந்துகொண்டிருக்கிறார்கள். சரிவில் தேயிலை, உச்சியில் மூடுபனி, நடுவே கூடை சுமந்து குனிந்திருக்கும் ஒரு பெண். அவளுக்கு முகம் இருப்பதில்லை. இது சலித்தால் தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலமும் அதன்மேல் ஒரு ரயிலும். நாட்காட்டியிலிருந்து ஹோட்டல் சுவர்வரை இதுதான். மலையகச் சிறப்பிதழ் வெளியிடும் நமது சிற்றிதழ்களின் அட்டைகளும் இதற்கு விதிவிலக்கல்ல. பதுளையிலிருந்து நீர்வர்ணத்தில் வரைபவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இது அழகியல் அல்ல, மறைப்பு.

மூடுபனி நீர்வர்ணக்காரனுக்கு இலவசமாகக் கிடைப்பது. ஈரத்தாளில் சாம்பல் நீலத்தைத் தொட்டு வைத்தால் போதும், மீதியைத் தண்ணீரே வரைந்துவிடும். லயத்தை அப்படி வரைய முடியாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள், வரிசையாகக் கதவுகள், துருவேறிய தகரம், அது காற்றில் பறக்காமலிருக்க ஏற்றிவைத்த கல், இஸ்தோப்பில் விறகுக்கட்டு. இவற்றின் விளிம்புகள் கூராக விழவேண்டுமானால் தாள் காயவேண்டும். மழைக்காலத்தில் அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நீர்வர்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மைதான். சுண்ணாம்புச் சுவரொன்றை வரைய முன்னரே எங்கே தூரிகை படக்கூடாது என்று தீர்மானித்தாக வேண்டும். தீர்மானிக்க வேண்டுமானால் அந்தச் சுவரை நின்று பார்த்திருக்க வேண்டும். நின்று பார்க்க விரும்பாதவனுக்குப் பனி கைகொடுக்கிறது.

இந்தப் பார்வை நமக்கு எங்கிருந்து வந்தது? 1848இல் எமர்சன் டெனன்டுடன் இந்நாட்டைச் சுற்றிய அண்ட்ரூ நிக்கல் காட்டையும் இடிபாடுகளையும் நீர்வர்ணத்தில் வரைந்தார். புதுச்சேரியில் பிறந்து இங்கு வாழ்ந்த ஹிப்பொலிட் சில்வாப், மனிதர்களைச் சாதியாகவும் தொழிலாகவும் உடையாகவும் வகைபிரித்து நிறுத்தினார். 1890இல் தம்பேதென்னைத் தோட்டத்துக்கு உரிமையாளரான லிப்டனின் விளம்பரங்கள் கொழுந்துக்கூடைப் பெண்ணை உலகெங்கும் கொண்டுசென்றன. துரையின் பங்களா வராந்தாவிலிருந்து தெரியும் காட்சி இது. அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும், லயத்தின் உள்பக்கம் தெரியாது. இந்த மண்ணில் பிறந்த பறங்கியரான ஜே.எல்.கே. வான் டோர்ட் (1831–1898) தெருவையும் வண்டியையும் சாதாரண சனங்களையும் வரைந்தார். அவரை மறந்துவிட்டு, வராந்தாக் காட்சியையே நாம் சுதேசியக் கலை என்று கொண்டாடுகிறோம்.

முஸ்லிம் எழுத்தாளர்களாகிய நமக்கு இன்னொரு சாக்கு இருக்கிறது. உருவம் வரைவது கூடாது, ஆகவே ஓவியம் நமது விடயமல்ல. மார்க்கத் தீர்ப்பு வழங்க நான் வரவில்லை. ஆனால் வரைந்தே பிழைப்பு நடத்திய ஒருவர் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களிடம் வந்தபோது, மரத்தையும் உயிரற்ற பொருட்களையும் வரையுமாறு அவர் வழிகாட்டியதாக ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. அதை வாதத்துக்காக முழுமையாக ஏற்றுக்கொள்வோம். பீலிக்கரையில் வரிசையாக வைத்த வாளிகளுக்கு உயிர் இருக்கிறதா? கொடியில் காயும் பள்ளிச் சீருடைக்கு? உருவத் தடையை வலியுறுத்துபவரும் வரையக்கூடிய உலகம் இவ்வளவு பெரிதாகக் கிடக்கையில், நாம் வரையாமலிருப்பதற்குக் காரணம் மார்க்கம் அல்ல, அக்கறையின்மை. இன்னொரு மரபும் நம்மிடம் உண்டு. 1237இல் ஹரீரியின் மகாமாத்துக்கு ஓவியம் தீட்டிய யஹ்யா அல்வாஸித்தி ஒரு கிராமத்தை வரைந்தார். அதில் பள்ளிவாசல் இருக்கிறது. கூரையில் கோழியும் நூல் நூற்கும் பெண்ணும்கூட இருக்கிறார்கள். அன்றாடம் என்பது நமக்கு அந்நியமானதல்ல.

வறுமையை வரைந்து விற்கச் சொல்கிறாயா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. அழும் கிழவியின் சுருக்கங்களும் மூடுபனியைப் போன்ற இன்னொரு வாய்பாடுதான். நான் கேட்பது சார்ஜரில் தொங்கும் தொலைபேசியை, கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் கதிரைகளை, இடுப்பில் கட்டும் படங்கு ஆணியில் காய்வதை. வாழ்பவர்கள் வாழும் விதத்தை. ஒருமுறை கண்காட்சியொன்றுக்கு லயத்துக் கானை வரைந்து அனுப்பினேன். மலைநாட்டின் அழகைக் கெடுக்கிறது என்று திருப்பியனுப்பினார்கள். யாருடைய அழகு என்ற என் கேள்விக்கு இன்னும் பதிலில்லை.

நம்மை நேரடியாகத் தொடும் பொருளொன்றும் இருக்கிறது. பசறையிலும் பண்டாரவளையிலும் பதுளை நகரிலும் முஸ்லிம் கடைகளின் மேசையில் கிடக்கும் கடன் கொப்பி. அரிசி, மா, கருவாடு என்று தோட்டத்துக் குடும்பங்களின் மாதங்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. நம்பிக்கையும் உண்டு, சுரண்டலும் உண்டு, இரண்டும் ஒரே பக்கத்தில். அந்தக் கொப்பியை, அதன் எண்ணெய்க் கறையோடு நம்மில் யாராவது வரைந்தோமா? கவிதையில் தோட்டத் தொழிலாளிக்காகக் கண்ணீர் விடுவது நமக்கு இலகு. மேசையின் இந்தப் பக்கத்தில் நாம் நிற்பதை வரைவதுதான் கடினம்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் நமது மனதில் எழுவது செம்மண் மட்டுமே. அங்கே எத்தனை வாசல்கள் இருந்தன, எந்த வாசலில் பூச்சாடி இருந்தது என்பது அங்கு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. ஒரு சிறிய நீர்வர்ணப் படம் மண்சரிவைத் தடுக்காது. ஆனால் புதையுண்டது ஒரு 'நிலக்காட்சி' அல்ல, வீடுகள் என்பதற்கு அது சாட்சியாக இருந்திருக்கும்.

ஹற்றன் பக்கத்தில் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையே ஓவிய ஊடகமாக்கினார். வெளியார் அழகென்று பார்த்ததை, அங்குள்ளவர்கள் உழைப்பென்று திருப்பி எழுதும் வேலை அது. ஊவாவில் அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? சித்திரப் பாடத்தில் பிள்ளைகளுக்கு மலையும் சூரியனும் கொடுக்கும் ஆசிரியர்கள் ஒருநாள் பீலிக்கரையைக் கொடுக்கட்டும். அடுத்த மலையகச் சிறப்பிதழுக்கு அட்டை தேடும் ஆசிரியர்கள் பனியைக் கேட்காதிருக்கட்டும். கேட்டால் நான் அந்தக் கானைத்தான் அனுப்புவேன்.