பென்ஷன் பணம் கடல் தாண்ட நேர்வழி இல்லையா?

மகன் அமெரிக்காவில் இருந்து பணம் அனுப்புவான். மயிலாப்பூரில் அப்பா பாஸ்புக்கைப் பார்த்துப் பூரிப்பார். இது பழைய கதை. இப்போது பணம் எதிர்த்திசையிலும் போகிறது.

தி.நகரிலும் அடையாறு காந்தி நகரிலும் வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு போய்த் தங்குகிற பென்ஷன்தாரர்கள் எத்தனையோ பேர். அங்கே மருத்துவ இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். மாத்திரை வாங்க வேண்டும். பிள்ளைக்குத் திடீரென்று வேலை போனால் நாலு மாதம் கைகொடுக்க வேண்டும். "அவன்கிட்ட எதுக்குக் கை நீட்டணும்? என் பென்ஷன் இருக்கே!" என்கிறார்கள். நியாயமான ரோஷம். ஆனால் அந்தப் பென்ஷன் சென்னையில் அல்லவா கிடக்கிறது? அதை எப்படி அனுப்புவது?

பாங்கிக் கவுண்ட்டரில் கேட்டால், "அதுக்கு வேற பிராஞ்ச் போகணும் சார்" என்று பதில். அங்கே போனால், "ஏ2 பாரம் எழுதிக்கிட்டு நாளைக்கு வாங்க." எழுபத்தைந்து வயதுக்காரர் இரண்டு நாள் ஆட்டோ பிடித்து அலைந்தபின் என்ன செய்வார்? நாகேஸ்வர ராவ் பூங்காவில் கூட நடக்கும் நண்பர் சொல்கிற யோசனைக்குத் தலையாட்டுவார்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்கோ மாமா! உங்க பையன் இருக்கற ஊர்லதான் என் தம்பியும் இருக்கான். அவன் அங்க டாலரா குடுத்துடுவான். நீங்க இங்க எங்கம்மா கணக்குல ரூபாயா போட்டுடுங்கோ. பாங்கிக்கு எதுக்குத் தண்டக் கமிஷன்?"

கேட்கக் காதுக்கு இனிமை. இரண்டு பக்கமும் நல்ல குடும்பம். ஆனால் சட்டத்தின் கண்ணில் இதற்கும் உண்டியல் வியாபாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. 2000-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்த அன்னியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி, பிடிபட்டால் கைமாறிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அங்கே டாலர் கொடுக்கிற "தம்பி" கொடுக்காமல் போனால், போலீசில் புகார் எழுதக்கூட முடியாது. என்னவென்று எழுதுவது?

படித்த மனிதர்கள் ஏன் இந்த வலையில் விழுகிறார்கள்? கமிஷனை மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல. பயம்! 1960, 70-களில் எட்டே டாலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறியவர்கள் இன்றும் அடையாறில் இருக்கிறார்கள். 1973-ம் வருடத்து "பெரா" சட்டம் டாலரைத் தொட்டாலே குற்றம் என்று மிரட்டிய காலம் அது. அந்தச் சட்டம் போய்க் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பயம் போகவில்லை. "வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப கவர்ன்மெண்ட் விடாது" என்றே இன்னும் நம்புகிறார்கள்.

உண்மை என்ன? 2004-ல் ரிசர்வ் பாங்கி ஒரு திட்டம் கொண்டுவந்தது. முதலில் ஆளுக்கு 25 ஆயிரம் டாலர் வரை அனுப்ப அனுமதி. நடுவில் ஏறி இறங்கி, 2015-ல் இருந்து நிதியாண்டு ஒன்றுக்கு 2 லட்சத்து 50 ஆயிரம் டாலர். புருஷனுக்குத் தனி, மனைவிக்குத் தனி. எந்தப் பென்ஷன்தாரருக்கும் இது போதும், போதும்! 'பான்' கார்டு இருக்க வேண்டும், ஏ2 பாரத்தில் காரணம் எழுத வேண்டும். அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் பர்ஸ் கடிக்கும். எல்லாப் பாங்கிகளையும் சேர்த்து வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதம் வரியைப் பாங்கி முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். படிப்புக்கும் வைத்தியத்துக்கும் சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் வரை இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. பிடித்த பணம் போய்விடாது. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் கணக்கு தாக்கல் செய்ய மறந்தவர் கதி? சர்க்கார் வீடு தேடி வந்து கொடுக்காது.

இதெல்லாம் ஆறு மாத விசாவில் பேரனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு. பச்சை அட்டை வாங்கி அங்கேயே தங்கிவிட்டவர் கதை வேறு. அவர் தம் சேமிப்புக் கணக்கை 'என்.ஆர்.ஓ.' கணக்காக மாற்ற வேண்டும். பல பேர் மாற்றுவதில்லை. "எதுக்கு வம்பு, பழைய கணக்கு ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். வம்பே அங்குதான் ஆரம்பம். முறையாக மாற்றினால் பென்ஷன் அதில் விழும். வரி போக மீதியை வெளிநாட்டுக்குத் தாராளமாக அனுப்பலாம், அந்த 20 சதவீதப் பிடித்தமும் இல்லை. வருமான வரித் துறைக்கு ஓர் அறிவிப்பும், தேவைப்பட்டால் ஆடிட்டர் சர்டிபிகேட்டும் கொடுக்க வேண்டும். ஒரு சங்கடமும் உண்டு. அந்தக் கணக்கில் கிடக்கும் டிபாசிட் வட்டிக்குப் பொதுவாக 30 சதவீதத்துக்குக் குறையாமல் வரி பிடிப்பார்கள். டிபாசிட்டைப் பெரிதாக வைத்திருப்பவர்கள் முதலிலேயே ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது. உயிரோடு இருப்பதற்கான சான்றையும் வருடா வருடம் மறக்கக் கூடாது. அது நின்றால் பென்ஷனே நிற்கும். அனுப்ப என்ன இருக்கும்?

பாண்டி பஜாரில் "மணி டிரான்ஸ்பர்" போர்டைப் பார்த்து உள்ளே நுழைகிறவர்களும் உண்டு. வெளிநாட்டில் இருந்து வரும் பணத்தைக் கொடுக்கத்தான் அந்தத் திட்டத்துக்கு அனுமதி. இங்கிருந்து அனுப்ப அல்ல. "நாங்க அனுப்பிடறோம், ரூபாயைக் குடுத்துட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால் சட்டென்று வெளியே வந்துவிட வேண்டும்.

சரி, பாங்கியில் அனுப்பினால் எவ்வளவு செலவு? இங்கேதான் பூனை மடியில் இருக்கிறது. "கமிஷன் ஐந்நூறு ரூபாய்தான் சார்" என்பார் குமாஸ்தா. உண்மையான கமிஷன் டாலர் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. மார்க்கெட் விலைக்கு மேல் டாலருக்கு ஒரு ரூபாய் ஏற்றினால், 5 ஆயிரம் டாலருக்கு 5 ஆயிரம் ரூபாய் போச்சு! ரசீதில் அது கமிஷன் என்று இருக்காது. அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு. அது சின்னத் தொகைதான்: ஒரு லட்சத்துக்கு 180 ரூபாய், ஐந்து லட்சத்துக்கு 540 ரூபாய். வழியில் இருக்கிற நடு பாங்கி ஒன்று பத்து, இருபது டாலரைக் கிள்ளிக்கொள்வதும் உண்டு. "எல்லாச் செலவும் இங்கேயே பிடிச்சுக்குங்க" என்று பாரத்தில் குறித்தால் அங்கே முழுத்தொகை சேர வழியுண்டு. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் இந்தத் தண்டம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அனுப்பினால் மிச்சம்.

மகள் சிங்கப்பூரில் இருந்தால் இத்தனை பாடு இல்லை. 2023 பிப்ரவரி 21-ந் தேதி இந்தியாவின் யு.பி.ஐ.யையும் சிங்கப்பூரின் 'பே நவ்'வையும் இணைத்தார்கள். தொடக்கத்தில் இங்கிருந்து அனுப்ப அனுமதி பெற்ற நான்கு பாங்கிகளில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் பாங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியும் இருந்தன. நாள் ஒன்றுக்கு 60 ஆயிரம் ரூபாய் வரை செல்போனிலேயே அனுப்பலாம் என்றார்கள். மாட வீதியில் எத்தனை பென்ஷன்தாரருக்கு இது தெரியும்? எந்தக் கிளை கூப்பிட்டுச் சொன்னது?

இந்த வட்டாரத்துக்கு ஏமாந்த வரலாறு உண்டு. 1906 அக்டோபரில் ஆர்பத்னாட் கம்பெனி திவாலாகி, சென்னையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அந்த அடியில்தான் மயிலாப்பூர் வக்கீல் வி.கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் முன்னின்று 1907-ல் இந்தியன் பாங்கியை ஆரம்பித்தார்கள். 2024-ல் மறுபடியும், 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டில் போட்ட பணத்துக்காக முதியவர்கள் போலீசில் புகார் கொடுக்க நின்றார்கள். தெரிந்தவர், பழைய பெயர் என்று நம்பிக் கொடுக்கிற பழக்கம் மட்டும் மாறவில்லை.

அந்தப் பழக்கத்தை மாற்றப் பாங்கிகள் என்ன செய்கின்றன? லஸ், பனகல் பார்க், அடையாறு கிளைகளின் அஸ்திவாரமே முதியவர்களின் டிபாசிட்தான். அவர்களுக்காக வாரத்தில் ஒரு நாள், ஒரு மேஜை, விஷயம் தெரிந்த ஓர் ஆள் போடக் கூடாதா? நகைக் கடன் வட்டியைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கிறார்களே, பக்கத்திலேயே இன்னொரு வரி எழுதட்டும்: "இன்று ஒரு லட்சம் ரூபாய் கட்டினால், எல்லாம் போக, அங்கே கையில் சேருவது இத்தனை டாலர்." ரிசர்வ் பாங்கி இதைக் கட்டாயம் ஆக்க வேண்டும்.

அதுவரை பென்ஷன்தாரர்களே அந்த ஒரு வரியைக் கேட்டு, இரண்டு பாங்கியில் எழுதி வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம். பணம் வழியில் நின்றாலோ, சொன்னதற்கு மேல் பிடித்தாலோ கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். விவரம் கேட்க போன் நம்பர் 14448.