பந்தைத் துரத்தி வரும் வாசகர்கள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்காரர் டாம் பாமர். சிறுவயதில் அவருக்கு வாசிப்பு என்றாலே கசப்பு. அம்மா கதைப் புத்தகங்களைத் திணிக்கவில்லை. கால்பந்துச் செய்தி வந்த நாளிதழ்களைக் கையில் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் சிறுவர்களுக்கான கால்பந்துக் கதைகளை எழுதிக் குவித்தார்.

அவருடைய 'ஓவர் தி லைன்' நாவலின் நாயகன் ஜாக் காக் நிஜ ஆட்டக்காரர். 1914 டிசம்பரில் லண்டனில் கால்பந்து வீரர்களுக்கென்றே தொடங்கிய படைப்பிரிவில் சேர்ந்தவர். போர் முடிந்து திரும்பி, 1919-இல் இங்கிலாந்து அணிக்கு ஆடினார். கோல் கணக்குக்காகப் புத்தகத்தைப் பிரிக்கும் பிள்ளை, முதல் உலகப் போரின் பதுங்குகுழிக்குள் போய் நிற்கிறது. வரலாற்றுப் பாடம் இதைவிட நன்றாக எப்படி நடக்கும்?

இந்த நாவலை வெளியிட்ட பாரிங்டன் ஸ்டோக், வாசிக்கத் திணறும் பிள்ளைகளை மனதில் வைத்தே நூல்களை உருவாக்கும் பதிப்பகம். இளமஞ்சள் தாள், நெருக்கியடிக்காத எழுத்து, சின்னச் சின்ன அத்தியாயங்கள்.

"இதெல்லாம் ஒரு வாசிப்பா?" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பது பெரும் தவறு. கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்டு, தான் 17 வயதில்தான் புத்தகம் வாசிக்கத் தொடங்கியதாகச் சொல்லியிருக்கிறார். சிறுவயதில் புத்தகம் வாங்க வீட்டில் வசதியில்லை, சாப்பாட்டுக்கே இழுபறி. அவரே 2021-இல் பத்திரிகையாளர் கார்ல் அங்காவுடன் சேர்ந்து 'யூ ஆர் எ சாம்பியன்' என்ற நூலை எழுதினார். மாக்மில்லன் பதிப்பகத்தோடு வாசிப்பு மன்றமும் தொடங்கி, வசதியற்ற பிள்ளைகளுக்கு இலவசமாகப் புத்தகங்கள் போய்ச்சேர வழிசெய்தார். பள்ளி நூலகங்கள் இத்தகைய நூல்களைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் வைக்க வேண்டும்.