போர் முனைக்குப் பாடப் போகிறவர்கள்

போர் முனைக்குப் போய்ப் பாடுவது நல்ல காரியம்தான். ஆனால் போகிற பாடகர், படை வீரர்களுக்குப் பாரமாகவும் ஆகிவிடலாம்.

அவருக்கு வண்டி வேண்டும். காவல் வேண்டும். படுக்க இடம், குடிக்கத் தண்ணீர் வேண்டும். இவ்வளவும் வீரர்களின் பங்கில் இருந்துதான் வரவேண்டும்!

இதைத் தெரிந்துகொண்டு போனவர், வேரா லின் என்ற ஆங்கிலப் பாடகி.

1944-ம் ஆண்டு. இரண்டாவது உலகப்போர் நடந்து கொண்டிருந்தது. பர்மா எல்லையில் 14-வது படை ஜப்பானியரோடு போரிட்டது. அதில் இந்திய வீரர்களே அதிகம். காடு, வெக்கை, கொசு, மலேரியா! கலைஞர்கள் அந்தப் பக்கம் போவது அபூர்வம். "மறக்கப்பட்ட படை" என்றே அதற்குப் பெயர்.

வேரா லின்னுக்கு அப்போது வயது 27. பெரிய புகழ். ஆனாலும் அவர் அந்தக் காட்டுக்குத்தான் போனார். காக்கி உடை போட்டுக்கொண்டார். பக்கவாத்தியத்துக்கு ஒரே ஒரு பியானோக்காரர். சின்னப் பியானோ ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காட்டுப் பாதையில் குலுங்கி, வெக்கையில் ஊறி, அதன் சுருதி கெட்டுப் போயிற்று. அப்படியும் அவர் பாடினார்.

பத்துப் பேர் கொண்ட கோஷ்டி போனால் தலைமை முகாமோடு நின்றுவிடும். அங்கே அதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள். சமையல்காரருக்கும், காவல் நிற்பவருக்கும் பாட்டு எட்டாது. இரண்டு பேர் போனால் கடைசிக் காவல் சாவடி வரை போகலாம். அங்கேதான் பாட்டு தேவை. காவல் மாறி வருகிறவர்களுக்காக, அதே கச்சேரியை இரண்டாம் முறை நடத்தவும் தயாராக இருக்க வேண்டும்.

வாத்தியத்தைப் பற்றி

அந்தப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக ஸ்டைன்வே கம்பெனி 2,400-க்கு மேற்பட்ட சிறிய பியானோக்களைச் செய்து கொடுத்தது. ராணுவப் பச்சை வர்ணம். ஈரத்துக்கு இளகாத பசை. சுருதி சேர்க்கும் கருவிகளையும் கூடவே பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். கெட்டிக்காரத்தனம்!

தந்தி அறுந்தால் போர் முனையில் கடை இல்லை. ஈரத்தில் டோலக்கின் தோல் தொய்யும். குளிரில் விரல் மரத்துப் போகும். எனவே விலை உயர்ந்த வாத்தியம் வீட்டிலேயே இருக்கட்டும். பழைய வாத்தியமும், இரண்டு மடங்கு தந்தியும் போதும்.

மலை முகாமுக்குப் போகிறவர் மூச்சையும் கவனிக்க வேண்டும். லடாக்கில் உள்ள லே நகரம் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. விமானத்தை விட்டு இறங்கியதும் பாடினால் இரண்டாவது அடியிலேயே மூச்சு வாங்கும். முதல் இரண்டு நாள் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும்.

ராணுவத்தார் "இன்று பயணம் வேண்டாம்" என்றால், கச்சேரிக்கு நேரமாகிறது என்று நச்சரிக்கக் கூடாது. கிளென் மில்லர் என்ற புகழ்பெற்ற அமெரிக்க இசைக்கலைஞர், 1944 டிசம்பர் 15-ந் தேதி, மோசமான வானிலையில் சிறிய விமானத்தில் இங்கிலாந்தில் இருந்து பாரீசுக்குப் புறப்பட்டார். படை வீரர்களுக்கான கச்சேரிக்கு ஏற்பாடு செய்யத்தான் போனார். அந்த விமானம் கிடைக்கவே இல்லை.

என்ன பாடுவது?

இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். வீரப் பாட்டாகப் பொறுக்கிக்கொண்டு போகிறார்கள். பகல் முழுவதும் துப்பாக்கிச் சத்தம் கேட்டவனுக்கு ராத்திரியிலும் போர்ப் பாட்டா?

வேரா லின் பாடியவை வீட்டையும், பிரிவையும், மறுபடி சந்திப்பதையும் பற்றிய பாட்டுகள். 1941-ல் அவர் பி.பி.சி. வானொலியில் பாடியபோது, "இது வீரர்களின் மனதை இளக்கிவிடும்" என்று லண்டனில் பெரிய மனிதர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். வீரர்களோ அவருக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள்! பிள்ளை பெற்ற தாய்மாரை அவர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்ப்பார். அந்தச் செய்தியைக் கடல் கடந்து நிற்கும் கணவனுக்கு வானொலியில் சொல்வார். வீட்டு நினைவு வீரனைக் கோழையாக்காது. அவன் நிற்பதே அந்த வீட்டுக்காகத்தானே?

முகாமில் எந்த ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்திப் பாட்டுகளுக்கு நடுவே ஒரு தமிழ்ப் பாட்டு வந்தால், பனி மலையில் நிற்கும் மதராஸ் ரெஜிமெண்ட் சிப்பாய்க்கு அது எப்படி இருக்கும்!

காயம்பட்டவர்களின் வார்டில் ஒலிபெருக்கி வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மெதுவாகப் பாடினால் போதும். "எப்படி அடிபட்டது?" என்று கேட்கக்கூடாது. பாடுகிறவர் அழக்கூடாது. அழுகை வந்தால் வெளியே போய் அழுதுவிட்டு வரலாம்.

கைபேசியில் படம் எடுத்து உடனே ஊருக்கு அனுப்புவது பெரிய ஆபத்து. முகாம் இருக்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

திரும்பும்போது வீரர்கள் வீட்டுக்குச் செய்தி சொல்லி அனுப்புவார்கள். அதிகாரியின் அனுமதியோடு அதை வாங்கிக்கொள்ளலாம். "உங்கள் பையன் சௌக்கியம், இந்தப் பாட்டை அவன்தான் கேட்டான்" என்று தாயாரிடம் சொல்லலாம். எந்த மலை, எந்த முகாம் என்று அவர் கேட்பார். அதை மட்டும் சொல்லக்கூடாது.