கதவை அடைத்துப் பேச ஒரு மணிநேரம்

பிறர் இல்லங்களில் பணிபுரிந்து, தம் பிள்ளைகளைப் பலெர்மோப் பல்கலைக்கழகத்தின் வாசல்வரை கொண்டு சேர்த்த பெற்றோரின் உழைப்பு எமது சமூகத்தின் பெருமை. அப்பெருமையே சிலவேளை பிள்ளையின் வாயை அடைத்துவிடுகின்றது. "அம்மா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிப்பிக்கிறா, என்னால் இயலவில்லை என்று எப்படிச் சொல்வது?" இத்தாலியில் பரீட்சையை அடுத்த தவணைக்குத் தள்ளிப்போடலாம் என்பதால், மாதக்கணக்கில் எதையும் எழுதாத மாணவரின் நிலை வீட்டாருக்குத் தெரியவராமலே போகலாம்.

இது சோம்பலன்று. 8 நாடுகளின் 19 உயர்கல்வி நிலையங்களில் நடத்தப்பெற்று 2018இல் வெளியான ஆய்வில், முதலாண்டு மாணவரில் ஏறத்தாழ மூவருக்கு ஒருவரிடம் மனச்சோர்வு, பதகளிப்பு முதலான உளப் பாதிப்புகளில் ஒன்றின் அறிகுறிகள் காணப்பட்டன.

இணையவழி உளவளத்துணை இங்கு உதவக்கூடியது. விரிவுரைக்கும் பகுதிநேர வேலைக்கும் இடையே நேரத்தைத் தெரிவுசெய்யலாம். எவர் கண்ணிலும் படாமல், பழகிய இத்தாலிய மொழியிலேயே பேசலாம். நெறியாளர் ஒருவரின் துணையுடன் இணையம்வழி வழங்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் பயன்தருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தானியங்கிச் செயலி மட்டும் அதற்கு ஈடாகாது.

ஆயின், கணினித் துறையில் பணியாற்றும் எமக்குத் தெரிந்த உண்மை ஒன்றுண்டு: எத்துணைப் பாதுகாப்பான இணைப்பும், சிறிய வீட்டின் மெல்லிய சுவரைத் தடிப்பாக்காது. அடுத்த அறையில் தந்தை இருக்கையில் எந்தப் பிள்ளை மனந்திறக்கும்? வாரத்தில் ஒரு மணிநேரம் கதவை அடைத்துக்கொள்ள இடமளிப்பதும், பின்னர் "என்ன கதைத்தாய்?" என்று வினவாதிருப்பதும் பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி. உளவியலாளர் தொழிற்சட்டப்படி இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். அவர் பதிவுபெற்றவரா என்பதை உளவியலாளர் பதிவேட்டில் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

செலவை எண்ணித் தயங்கவேண்டாம். பலெர்மோப் பல்கலைக்கழகம் தன் மாணவருக்கு உளவளத்துணைச் சேவையை நடத்துகின்றது. 2022இல் அரசு தொடங்கிய உளவியல் உதவித்தொகைக்கு, தேசிய சமூகக் காப்புறுதி நிறுவனம் குறித்த காலத்தில் மட்டும் விண்ணப்பம் ஏற்கின்றது. உயிராபத்து எனத் தோன்றினாலோ இணைய அமர்வுக்குக் காத்திராது 112ஐ அழையுங்கள்.

போர்க்காலத்து யாழ்ப்பாணத்திலேயே பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் எம் மக்களின் மனவடுக்களுக்கு மருந்திட்டனர். உளவளத்துணை எமக்கு அந்நியமானதன்று. இளையோரே, கேளுங்கள், கேட்பது குறையன்று. பெற்றோரே, பெறுபேற்றைப் பின்னர் வினவலாம். இன்றிரவு பிள்ளை உறங்கினானா, உறங்கினாளா என்பதை முதலில் வினவுங்கள்.