அந்தத் திருகாணியைக் கழற்றாதே

செப்டம்பர் திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போயிருந்தபோது டெக்ஸஸிலிருந்து கல்லூரி நண்பன் வாட்ஸப்பில் ஏழு படங்கள் அனுப்பினான். ஒரு பழைய லீ-என்ஃபீல்டு ரைஃபிள். நம்ம இச்சாப்பூரில் செய்தது. "மச்சி, ஏமாந்துட்டேன்டா. இது ஒரிஜினல் இல்லையாம்."

யார் சொன்னது என்று கேட்டேன். அங்கே துப்பாக்கி சேகரிப்பவர்கள் நாலு பேரிடம் காட்டியிருக்கிறான். போல்ட்டில் ஒரு எண், ரிசீவரில் வேறு எண். முன்பக்கக் கட்டை பிற்காலத்தது. மேகசினுக்கு முன்னால் கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி. குழாயில் இறக்குமதி செய்த கம்பெனியின் பெயர் வேறு குத்தியிருக்கிறது. நாலு பேரும் பாதி விலைதான் தேறும் என்றார்களாம். அவனிடம் ஒரு திட்டம் தயாராக இருந்தது. இங்கிலாந்தில் செய்த பழைய கட்டை ஒன்றை ஆன்லைனில் வாங்கி, இந்தக் கட்டையையும் திருகாணியையும் தூக்கிப் போட்டுவிட்டு, துப்பாக்கியை 'ஒரிஜினல்' ஆக்கிவிடுவது.

மாதா கோயில் முன்னால் வரிசையாகக் கடைகள். அரையடி மாதா சிலை முதல் கூலிங் கிளாஸ் வரை எல்லாமே 'ஒரிஜினல் சார்'. அங்கே நின்று அவன் செய்தியைப் படித்தபோது வந்த கோபம்தான் இந்தக் கட்டுரை.

சேகரிப்பாளர்கள் சொல்வதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தோட்டா வெடிக்கும்போது போல்ட்டின் தலைக்கும் குழாயின் பின்வாய்க்கும் இடையே இருக்கும் இடைவெளி சரியாக இருக்கணும். கூடிப்போனால் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து சுடுபவன் முகத்தில் வாயு அடிக்கும். அதனால்தான் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் ரிசீவருக்குப் பொருத்திப் பார்த்து இரண்டிலும் ஒரே எண்ணைக் குத்தினார்கள். எண் மாறியிருந்தால் சந்தேகப்படு என்பது பாதுகாப்பு விதி. அந்த விதி எப்படியோ சந்தைக்குள் நுழைந்து கற்பு விதியாகிவிட்டது. எண்கள் எல்லாம் ஒத்துப்போனால் பத்தினி, ஒன்று மாறினால் பாதி விலை.

இதன் விளைவு என்ன தெரியுமா? பழைய எண்ணை அரத்தால் ராவிவிட்டுப் புதிய எண்ணைக் குத்தி விற்கிறார்கள். ஒழுங்காகப் பழுதுபார்க்கப்பட்ட துப்பாக்கி உண்மையைச் சொல்வதால் விலை இழக்கிறது. ராவப்பட்ட துப்பாக்கி பொய் சொல்லிப் பணம் பார்க்கிறது. கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் அச்சு அசலாக நகலெடுக்கும் கொல்லர்கள் உண்டு. ஆங்கில முத்திரையை எழுத்துப் பிழையோடு குத்தி மாட்டிக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சேகரிப்பாளர், தன் சந்தை அதே வேலையைப் பிழையில்லாமல் செய்ய வைப்பதைக் கவனிப்பதில்லை.

என்னைப்போல என்சிசியில் இருந்தவர்களுக்கு .303 என்றால் முதலில் நினைவுக்கு வருவது தோள்வலி. ஏறக்குறைய நாலு கிலோ. பள்ளி நாட்களில் கேம்ப்பில் எனக்குக் கிடைத்தது 'டிபி' என்று குத்திய, இனி சுட முடியாதபடி குழாயில் துளையிட்ட டிரில் துப்பாக்கி. அதில் எந்த எண்ணும் எதோடும் ஒத்துப்போகவில்லை. ஹவில்தாரிடம் ஏன் சார் என்று கேட்டதற்கு, "உனக்கு முன்னாடி எத்தனை பேர் கையில இருந்திருக்கும், அதான்" என்றார். அன்றைக்கு அது எனக்குப் பதிலாகவே தோன்றவில்லை.

இச்சாப்பூர் கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில் இருக்கிறது. அங்கே செய்த பழைய ரைஃபிளின் கழுத்தில் கிரீடமும் 'ஜி.ஆர்.ஐ.' என்ற எழுத்துகளும் இருக்கும். கடைசி எழுத்து பேரரசர் என்பதற்கு. இங்கிலாந்தில் செய்ததில் வெறும் 'ஜி.ஆர்.'தான். சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய் அசோகரின் சிங்கங்கள் வந்தன. நம் வெயிலிலும் மழையிலும் கட்டை பிளக்கும். அதைத் தடுக்கக் குறுக்கே ஒரு திருகாணி போட்டார்கள். 'இச்சாப்பூர் திருகாணி' என்றே அதற்குப் பெயர். கையெறி குண்டு ஏவுவதற்கு ஒதுக்கிய துப்பாக்கிகளின் கட்டையில் கம்பி சுற்றிக் கட்டினார்கள். இதெல்லாம் விலைப்பட்டியலில் 'குறை' என்ற தலைப்பில் வருகிறது!

1962 சீனப் போருக்குப் பிறகு இச்சாப்பூர் 7.62 தோட்டாவுக்காக 2ஏ, பிறகு 2ஏ1 என்ற ரகங்களைச் செய்தது. பழைய .303-ஐக் குடைந்து மாற்றியது என்று பலர் இன்னமும் நினைக்கிறார்கள். தவறு. இன்னும் உறுதியான எஃகில் புதிதாகவே செய்தது. ஆனால் மரக்கட்டை பலவற்றில் பழைய கையிருப்பிலிருந்து எடுத்ததுதான். தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போதே இரும்புக்கு ஒரு வயது, மரத்துக்கு ஒரு வயது. இதில் எந்த நாளைப் பிறந்தநாள் என்று வைத்துக்கொண்டு ஒரிஜினலை அளப்பது?

மென்பொருள்காரனுக்கு இது எளிதாகப் புரியும். பத்து வருடம் ஓடிய ஒரு நிரலின் கிட் வரலாற்றை அழித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே கமிட்டாகச் சுருட்டிப்போட்டு, "பாருங்க எவ்வளவு சுத்தம்" என்று எவனாவது காட்டினால் அவனை டீமில் வைத்துக்கொள்வோமா?

இப்படி வேறொருவர் கையிலிருந்த அளவுகோலால் நாம் ஏற்கெனவே ஒருமுறை இழந்திருக்கிறோம். வேளாங்கண்ணியிலிருந்து பஸ்ஸில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தஞ்சாவூரில். 1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி தஞ்சை அரசை எடுத்துக்கொண்டது. அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது 1863-இல். சென்னை அருங்காட்சியகத்துக்கு என்று கொஞ்சம் பொறுக்கினார்கள். மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டார்கள். வால்ஹவுஸ் என்ற மதராஸ் சிவிலியன் இதைப் பற்றி 1878-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் எழுதினார்.

தஞ்சாவூர்க் கட்டாரி ஒன்றை உற்றுப் பாருங்கள். பிடி இங்கே வார்த்தது, யாளியும் கொடியுமாக. அலகு பல கட்டாரிகளில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. கப்பலில் வந்த வாளை வெட்டி, நம் கொல்லன் நம் பிடியில் பொருத்தினான். இன்றைய ரைஃபிள் சேகரிப்பாளரின் கணக்கில் இது பாகங்கள் ஒத்துப்போகாத சரக்கு, பாதி விலை. ஆனால் இதே கட்டாரிகள்தான் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. உருக்கப்பட்டவை போக மிஞ்சியவை என்பதாலும் அவற்றுக்கு விலை கூடியிருக்கிறது. கலப்பு அங்கே குறையாகத் தெரியவில்லை. இச்சாப்பூர்த் தொழிலாளி போட்ட திருகாணி மட்டும் குறை. அரசவைக் கொல்லன் செய்தால் கலை, மாதச் சம்பளக்காரன் செய்தால் ஒட்டுவேலை. இதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

"நம்மூர்ல யாரு துப்பாக்கி சேகரிக்கிறா, உனக்கென்ன?" என்று கேட்பீர்கள். சரிதான். .303 ராணுவத் தோட்டா என்பதால் இங்கே சாதாரண ஆளுக்கு அது தடைசெய்யப்பட்ட ரகம். அதனால்தான் உரிமம் உள்ளவர்களுக்காக அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் .315 என்ற ரைஃபிளை அரசுத் தொழிற்சாலை செய்து விற்றது. நமக்குச் சந்தை கிடையாது, அதில் எனக்கு வருத்தமும் கிடையாது. என் கவலை வேறு. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தில்தான் .303-க்கு விடைகொடுத்தது. ஒரு படையில் பல தலைமுறை கைமாறிய துப்பாக்கிகள் ஓய்வுபெற்றால் அடுத்து எங்கே போகும்? 1863-இல் தராசு பிடித்தவர்களைப்போல யாராவது நிற்பார்கள். அழகான, எண் ஒத்துப்போகிற ஒன்றை மியூசியத்துக்கு எடுத்துவைத்துவிட்டு மற்றதை வெட்டு என்பார்கள். தேடவேண்டியது அந்த மற்றதில்தான். எந்த ஆண்டு செய்தது, எந்த ஆண்டு பழுதுபார்த்தது, எந்தக் கட்டை எங்கே மாறியது, பட்டில் பெயின்ட்டால் எழுதிய எண் என்ன. வெட்டத்தான் வேண்டுமென்றால் வெட்டட்டும். வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் நாலு போட்டோ, ஒரு எக்செல் வரிசை. இது ஒன்றும் ராக்கெட் ஏவுகிற செலவில்லை.

நண்பனுக்கு இவ்வளவையும் எழுதவில்லை. வாய்ஸ் நோட் போட்டேன். "போல்ட்டை மட்டும் நல்ல கன்ஸ்மித்கிட்ட காட்டி அளந்து பாரு, அது உன் மூஞ்சி சம்பந்தப்பட்டது. மத்ததுல கை வைக்காத. முக்கியமா அந்தத் திருகாணி."

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இங்கிலாந்துக் கட்டை ஏற்கெனவே பார்சலில் வந்துவிட்டதாம், திருப்பி அனுப்ப முப்பது நாள் டைம் இருக்கிறதாம். கூடவே பட்டின் படம் ஒன்று. வெள்ளை பெயின்ட்டில் 47 என்று ஒரு எண், பாதி அழிந்து. "இது வருஷமாடா?" என்று கேட்டிருந்தான். வருஷமாக இருக்காது, ரேக்கில் அதன் இடமாக இருக்கும் என்று எழுதினேன்.