"சுகர் மாத்திரை தவறாம போடுறேன் டாக்டரம்மா"

1/
போன மாசம் எங்க ஓ.பி.யில் நடந்தது. ஏழாம் மாசக் கர்ப்பிணி, உசிலம்பட்டிப் பக்கத்து ஊர். சாப்பிட்டு 2 மணி நேரம் கழிச்சு பார்த்த சர்க்கரை 186. அது 120-க்குள் இருக்கணும்.

"தவறாம மாத்திரை போடுறேன் டாக்டரம்மா. காலையில ரெண்டு, சாயந்தரம் ரெண்டு."

நாங்க மாத்திரையே எழுதலையே, எதைப் போடுறீங்கன்னு கேட்டேன். மஞ்சப்பைக்குள்ள கையை விட்டு எடுத்து நீட்டினாங்க. காபியில் சீனிக்குப் பதிலா போடுற இனிப்பு மாத்திரை டப்பா.

2/
ரெண்டு வாரத்துக்கு முன்னாடி "சீனியைத் தொடாதீங்க"ன்னு சொல்லி அனுப்பினது நான்தான். வெளியே நீளமான வரிசை. அதுக்கு மேல விளக்கல. அவங்க ஊருக்குப் போய் விசாரிச்சிருக்காங்க. சொந்தக்காரங்க ஒருத்தர் "சுகர்காரங்க போடுற மாத்திரை"ன்னு இதைக் கொடுத்திருக்காங்க. மருந்துன்னு நம்பி, வெறும் வாயில் போட்டு தண்ணி குடிச்சிருக்காங்க.

14 நாள் வீணாப்போச்சு. இதில் அவங்க தப்பு எதுவும் இல்லை. அதனாலதான் இந்த இழை.

3/
முதல்ல ஒரு அடிப்படை. செயற்கை இனிப்பு ரத்தச் சர்க்கரையைக் குறைக்காது. சீனி ஏத்துற அளவுக்கு ஏத்தாது, அவ்வளவுதான். அது மருந்தில்லை. நாக்கை ஏமாத்துற ஒரு பொருள்.

அஸ்பார்டேம், சுக்ரலோஸ், அசிசல்ஃபேம் பொட்டாசியம், சாக்கரின், ஸ்டீவியா: டப்பாவுக்குப் பின்னாடி பொடி எழுத்தில் இருக்கிற பேர்கள் இவைதான்.

4/
"அப்போ இது விஷமா?" இல்லை.

2023 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்டேமை "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம்" என்ற 2பி பட்டியலில் சேர்த்தது. வாட்ஸ்அப்பில் பீதி பரவினது அப்போதான். அதே நாள், உணவுச் சேர்க்கைகளை ஆராயும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மி.கி. என்ற பழைய வரம்பை மாத்தத் தேவையில்லைன்னு சொன்னது. அது பரவவே இல்லை.

55 கிலோ பெண்ணுக்கு அந்த வரம்பு 2,200 மி.கி. ஒரு டயட் கோலா கேனில் 200 முதல் 300 மி.கி. வரை இருக்கலாம். காபியில் போடுற ஒண்ணு ரெண்டு மாத்திரையால் அந்த வரம்பை நெருங்கக்கூட முடியாது. தெரியாம சாப்பிட்டுட்டோமேன்னு ராத்திரி தூங்காம அழ வேண்டாம்.

(ஃபீனைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவங்க மட்டும் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.)

5/
"சரி, அப்போ தாராளமா சாப்பிடலாமா?" அதுவும் இல்லை.

அஸ்பார்டேம் குடல்லயே உடைஞ்சிடும். மத்தது எல்லாம் அப்படி இல்லை. சாக்கரின் நஞ்சுக்கொடி தாண்டிக் குழந்தைக்குப் போகும், அங்கிருந்து மெதுவாத்தான் வெளியேறும். அதனால கர்ப்பத்தில் சாக்கரினைத் தவிர்க்கச் சொல்றது மருத்துவத்தில் பழைய அறிவுரை. சுக்ரலோஸ், அசிசல்ஃபேம், சாக்கரின் மூணும் தாய்ப்பாலில் வரும். 2015-ல் அமெரிக்காவில் 20 தாய்மார்களின் பாலைச் சோதிச்சப்போ 65 சதவீத மாதிரிகளில் இவை இருந்தன. அஸ்பார்டேம் இல்லை.

பாலில் இருக்குன்னா கெடுதல்னு அர்த்தமில்லை. இருக்குன்னு தெரியும், நீண்ட நாளில் குழந்தைக்கு என்ன செய்யும்னு உறுதியாச் சொல்ற அளவுக்கு ஆய்வுகள் இன்னும் வரல.

6/
வந்த ஆய்வுகள் சில கொஞ்சம் யோசிக்க வைக்குது. கனடாவில் 3,033 தாய்-சேய் ஜோடிகளைத் தொடர்ந்து பார்த்து 2016-ல் வெளியிட்டாங்க. கர்ப்பத்தில் தினமும் செயற்கை இனிப்புப் பானம் குடிச்சவங்களோட குழந்தைகள் ஒரு வயசில் அதிக எடையோட இருக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. டென்மார்க்கில் 59,334 கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வில் (2010) இந்தப் பானங்களுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு தெரிஞ்சுது.

தொடர்பு வேற, காரணம் வேற. டயட் பானத்தைத் தேடிக் குடிக்கிறவங்க பலர் ஏற்கெனவே எடை கூடினவங்களா இருப்பாங்க. அதனால இது தீர்ப்பு இல்லை. "தினமும் வேண்டாம்"னு சொல்லப் போதுமான காரணம்.

7/
2023 மே மாசம் உலக சுகாதார அமைப்பும் எடையைக் கட்டுப்படுத்த இந்த இனிப்புகளை நம்பாதீங்கன்னுதான் வழிகாட்டுதல் கொடுத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்கு அது பொருந்தாது, அது தனிக் கணக்கு.

8/
நம்ம ஊர்ல எனக்கு இதைவிடப் பெரிய கவலை ரெண்டு.

ஒண்ணு, "சுகர் ஃப்ரீ" பிஸ்கட். சீனி இல்லைதான், ஆனா மைதா இருக்கே! மைதா வயித்துக்குள்ள போனா குளுக்கோஸ்தான். "சீனி இல்லாததுதானே"ன்னு அரை பாக்கெட் காலி பண்றாங்க. கூடவே மத்தியானம் தட்டு நிறைய சோறு. அப்புறம் சர்க்கரை எப்படி இறங்கும்?

இன்னொண்ணு, யாரும் கணக்கிலேயே சேர்க்காத இனிப்புப் பாக்கு. மசக்கையில் குமட்டுதுன்னு பொட்டிக்கடைப் பாக்குப் பொட்டலம் போடுற பொண்ணுங்க நிறைய. வாசனைப் பாக்கு, பான் மசாலாவில் சாக்கரின் சேர்க்க நம்ம உணவுச் சட்டத்தில் அனுமதி இருக்கு. அந்தத் தித்திப்பு பல நேரம் அதோடதுதான். அதைவிட மோசம் பாக்கே. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பட்டியலில் இருக்கு. கர்ப்பத்தில் பாக்கு மெல்றதுக்கும் குழந்தை எடை குறையிறதுக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகளும் இருக்கு. பாக்கு வேண்டாம்மா. குமட்டலுக்கு இஞ்சி, எலுமிச்சை போதும். மீறினா எங்ககிட்ட வாங்க, மாத்திரை இருக்கு.

9/
கர்ப்பகாலச் சர்க்கரை வந்தா என்ன செய்யணும்?

🔹 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு 2 மணி நேரத்தில் 140 அல்லது அதுக்கு மேலன்னா கர்ப்பகாலச் சர்க்கரை. இந்த டெஸ்டைத் தவிர்க்காதீங்க. இதை எளிமையாக்கி நாடு முழுக்கக் கொண்டு போனவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக் கடைப்பிடிக்கிறோம்.
🔹 முதல் 2 வாரம் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நடையும். சோத்தைப் பாதியாக்கி, காய், கீரை, பயறு, முட்டையைக் கூட்டுங்க.
🔹 வெல்லம், கருப்பட்டி, தேன் எதுவும் சீனிக்கு மாற்று இல்லை. பருத்திப்பாலும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும். அங்கன்வாடி சத்துமாவிலும் வெல்லம் இருக்கு. எவ்வளவுன்னு நர்ஸக்காகிட்ட கேட்டுச் சாப்பிடுங்க.
🔹 அப்பவும் 120-க்கு மேலன்னா மாத்திரை அல்லது இன்சுலின். இன்சுலின் ஊசின்னா பயப்படுறோம். ஏறின சர்க்கரைக்குத்தான் பயப்படணும். அது நஞ்சுக்கொடி தாண்டிப் போய்க் குழந்தையை அளவுக்கு மீறி வளர வைக்கும், பிறந்த உடனே குழந்தைக்குச் சர்க்கரையைத் திடீர்னு இறக்கிவிடும்.
🔹 காபியில் இனிப்பு இல்லாம முடியவே இல்லையா? எப்பவாவது ஒரு மாத்திரை, சாக்கரின் இல்லாததா பார்த்து. அதையும் மெல்ல விட்டுடுங்க. பத்து நாளில் நாக்கு பழகிடும்.

10/
பால் கொடுக்கிற அம்மாக்களுக்குத் தனியா ஒண்ணு. டயட் கோலா குடிச்சுட்டேன், இனிப்பு மாத்திரை போட்டுட்டேன்னு தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. பாலைப் பீய்ச்சிக் கொட்டவும் வேண்டாம். அந்தப் பானத்தை நிறுத்துங்க, பாலைத் தொடருங்க. கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவங்க பால் கொடுக்கிறது, பின்னால் உங்களுக்கே சர்க்கரை நோய் வராம காக்க உதவும். பிரசவம் ஆன 6-வது வாரம் மறுபடி குளுக்கோஸ் டெஸ்ட். அதுக்கு வர்றவங்கதான் ரொம்பக் கம்மி.

11/
என் கருத்து இதுதான். கர்ப்பத்தில் செயற்கை இனிப்பு விஷமும் இல்லை, மருந்தும் இல்லை. தேவை இல்லாத ஒண்ணு.

டப்பாவில் "குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை"ன்னு இங்கிலீஷில் பொடி எழுத்தில் போட்டாக் கடமை முடிஞ்சுதா? "இது சர்க்கரை நோய்க்கான மருந்து அல்ல"ன்னு தமிழில் பெருசாப் போட்டிருந்தா அந்தப் பொண்ணுக்கு 14 நாள் மிஞ்சியிருக்கும். நான் ஒரு நிமிஷம் கூடப் பேசியிருந்தாலும் மிஞ்சியிருக்கும். இப்பல்லாம் நான் "சீனியைத் தொடாதீங்க"ன்னு மட்டும் சொல்றதில்லை. "என்ன மாத்திரை போடுறீங்க, பையை எடுத்துக் காட்டுங்க"ன்னும் கேக்குறேன்.

12/
அந்தப் பொண்ணுக்கு இன்சுலின் ஆரம்பிச்சாச்சு. போன வாரம் வந்தாங்க. சாப்பிட்ட பிறகு 116. குழந்தை வளர்ச்சி ஸ்கேனில் நல்லா இருக்கு.

"அந்த டப்பா என்னாச்சும்மா?"

"அத்தை காபிக்கு வச்சுக்கிட்டாங்க டாக்டரம்மா. அவுகளுக்கும் சுகர்தானே."

அடுத்த தடவை அத்தையையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்.

வீட்டில் கர்ப்பிணியோ பச்சை உடம்புக்காரியோ இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, டியூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன். 🙏