அப்பாயியின் பவுண்

கொட்டகலைத் தோட்டமொன்றில் வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த என் அப்பாயி விட்டுச் சென்றது ஒரேயொரு தங்கப் பவுண். 2022 பொருளாதார நெருக்கடியின்போது அதை ஒரு நகைக்கடையில் காட்டினேன். ஆண்டைக்கூடப் பாராமல் உருக்கு விலை சொன்னார் கடைக்காரர். மெருகேற்றித் தரவும் முன்வந்தார். மறுத்துத் திரும்பினேன்.

நகைக்கு நாம் சொல்லும் 'பவுண்' அளவே இந்த நாணயத்திலிருந்து பிறந்ததுதான். அசல் பிரித்தானியப் பவுண் 22 காரட், எடை 7.99 கிராம், விட்டம் 22.05 மில்லிமீட்டர். தேய்மானத்தால் எடை சற்றுக் குறையலாம். மலிவு உலோகப் போலியில் எடை சரியாக இருந்தால் பருமன் மிகும். ஆனால் நல்ல தங்கத்திலேயே செய்த போலிகளும் உண்டு. ஆகவே எழுத்துகளையும் விளிம்பு வரிகளையும் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். எங்களுடையது 1918ஆம் ஆண்டினது. ஆண்டுக்கு மேலே 'ஐ' என்ற சிறு ஆங்கில எழுத்து. பம்பாயில் அடிக்கப்பட்டதன் அடையாளம் அது.

புளியோ பொடியோ போட்டுத் துலக்காதீர்கள். விழுந்த கீறல் மறையாது, சேகரிப்போர் தரும் விலையும் குறையும். விளிம்பைப் பிடித்தே எடுங்கள், ஈரம்படாமல் வையுங்கள்.

முக்கியமாக, அது யார் கைமாறி வந்தது என்பதை எழுதி வையுங்கள். லயத்து அறைக்குக் காணி உறுதி இல்லாத நம்மவர் பலருக்கு, முன்னோர் உழைப்பின் சாட்சி இதுவே. அவசரத்தில் உருக்கிவிட்டால் அந்தச் சாட்சி மீளாது.